மூடியில் என் பெயர்

நான்கு கட்டில்கள். மூன்று பிளக்குகள்.
முதல் சண்டைக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

பல்காஷிலிருந்து கரகண்டாவுக்கு
ஆறு மணி நேரப் பேருந்தில்
மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன் அந்தப் பாத்திரத்தை:
நீல எனாமல், ஒரு காது நசுங்கியது.
விடுதிக் காப்பாளர் தமாரா யாகவ்லெவ்னா
என்னைவிட அதைத்தான் நெடுநேரம் பார்த்தார்.
"பெயர் எழுதி வை.
எழுதாதது எதுவும் இங்கே உன்னுடையதில்லை."

சிவப்பு நகப்பூச்சால் மூடியில் எழுதினேன்:
ராவ்ஷான், 412.
காய்வதற்குள் தொட்டுவிட்டேன்.
இரண்டாம் எண்ணுக்கு வால் முளைத்தது.

போத்தாகோஸ் கணக்கியல் மாணவி.
தூக்கத்திலும் கூட்டல் போடுவாள்,
விடை வருவதற்குள் புரண்டு படுத்துவிடுவாள்.
அந்த விடைக்காக நான் மூன்று மணிவரை விழித்திருப்பேன்.
ல்யூபாவுக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.
பால் பாக்கெட்டைக் கயிற்றில் கட்டி வெளியே தொங்கவிட்டிருந்தாள்;
காற்றடித்தால் அது கண்ணாடியில் மோதும்,
உள்ளே வரலாமா என்று கேட்பது போல.
கதவோரக் கட்டிலில் ஷோல்பான். பேசுவதேயில்லை.
போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சம் மட்டும்
நகர்ந்து நகர்ந்து அணையும்.

முதல் வாரம் நான் அழுதேன் என்கிறார்கள்.
ஜலதோஷம் என்கிறேன் நான்.

வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை.
தலை நிறைய நுரையோடு நிற்கும்போது
குழாய் இருமிவிட்டு நின்றுபோன நாளில்
அம்மா போனில் கேட்டாள், வசதியெல்லாம் எப்படி?
நல்ல வசதி என்றேன்.
பொய்யில்லை.
அந்தச் சொல்லைக் கொஞ்சம்
பிடித்துத் தைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அக்டோபர் நடுவில் ரேடியேட்டர்களில் சூடு விட்டார்கள்.
ஐந்து மாடிக்கும் ஒரே வயிறு இரைந்தது.
அன்றிரவு கீழே யாரோ
குழாயில் கரண்டியால் தட்டினார்கள்.
இரண்டு தட்டு: ரொட்டி இருக்கிறதா?
ஒரு தட்டு: இருக்கிறது, வா.
மூன்று தட்டு: தமாரா படியேறுகிறாள்.
யாரும் சொல்லித் தரவில்லை.
ஒருநாள் காதுக்குத் தானாகப் புரிந்திருந்தது.

நவம்பரில் என் பெல்மேனி களவு போனது.
நாற்பது உருண்டை. எண்ணித்தான் போட்டிருந்தேன்.
உப்பு எடுக்க அறைக்குப் போய்த் திரும்பினால்
அடுப்புத் தட்டு சிவந்து கிடக்கிறது,
மேலே எதுவும் இல்லை.
மாடி மாடியாக முகர்ந்துகொண்டு நடந்தேன்.
எல்லாக் கதவுக்குப் பின்னாலும் சிரிப்பு,
எல்லாச் சிரிப்பும்
வாய் நிறைய எதையோ மென்றபடி.

மறுநாள் காலை பாத்திரம் வாசலில்.
நான் ஒருநாளும் தேய்த்திராத பளபளப்பு.
உள்ளே மூன்று மிட்டாய்கள், ஒரு சீட்டு:
உப்பு பத்தலை.

ஒரு வாரம் கொதித்துக்கொண்டிருந்தேன்,
மிட்டாய்களில் இரண்டைத் தின்றபடியே.
மூன்றாவதை ஏனோ ஷோல்பானிடம் நீட்டினேன்.
காகிதத்தைப் பிரித்தாள், வாயில் போட்டாள்,
கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.
இரண்டு மாதத்தில் என்னிடம் அவள் பேசிய
முதல் வாக்கியம் இது:
"நிஜமாவே பத்தலை."

தலையணையால் அடித்தேன்.
போத்தாகோஸ் விழிக்காமலே
"நூற்றுப் பதினேழு" என்றாள்.
விடை.

இப்போது ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ல்யூபாவின் பாலைச் சுத்தியலால் உடைக்க வேண்டும்.
நாளை இயற்பியல் தேர்வு.
நள்ளிரவுச் சமையலறையில்
309 என்று எழுதிய வாணலி,
ஓரம் முறுகிய உருளைக்கிழங்கு,
சொந்தக்காரி எங்கேயோ போனில்.
ஷோல்பான் ஒரு முள்கரண்டியை என் பக்கம் நீட்டுகிறாள்.

குழாயில் மூன்று தட்டு.
நேரமில்லை.
ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்கிறேன்,
கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக.
பிறகு
கோட்டுப் பையிலிருந்து
உப்புப் பொட்டலத்தை எடுக்கிறேன்.